சாவி யாரிடம் இருக்கிறது?

(கடலூர் மாவட்டம் மங்களூரில், விவசாயத் தொழிலாளர்களும் விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மங்களூர் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தை நினைத்துக் கொள்ளுகிறார்கள். நம்முடைய மங்களூருக்குக் கப்பல் வராது. இது திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். வானத்தைப் பார்த்து விதைக்கிற மானாவாரிச் சீமை. மக்காச்சோளமும் பருத்தியும்தான் நமக்குச் சோறு போடுகின்றன. கிழக்கே போனால் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள். அதையும் தாண்டினால் நெய்வேலிச் சுரங்கம். இந்த மூன்று இடங்களிலும் கூலிக்கு உழைக்கிறவர்கள் இன்று இந்தப் புளியமரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இதுவே பெரிய காரியம்.

கூட்டம் தொடங்கும் முன் முதல் வரிசையில் இருக்கும் ஒரு தாய் என்னைக் கேட்டார்: “ஏந் தம்பி, மானம் ஏன் இப்பிடிப் பண்ணுது? ஆறு மாசம் ஒரு தூத்தல் இல்லே. வந்தா ஒரே நாள்ல கூரையப் பிச்சிக்கிட்டுப் போவுது.”

பெரிய பெரிய பண்டிதர்கள் மாநாடு போட்டுப் பேசுகிற விஷயத்தை அந்தத் தாய் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவருக்குப் பதில் சொல்வதுதான் என் இன்றைய வேலை.

வானம் ஏன் மாறியது?

பீங்கான் வேலை செய்கிற தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையைக் காய வைக்கிறீர்கள். காற்றில் சூடு இருந்தால் பொம்மையிலுள்ள ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிக் கொள்ளுகிறது. பூமியைச் சுற்றியிருக்கும் காற்றும் அப்படித்தான். ஒரு டிகிரி சூடு கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் அதிகமாக நீராவியைச் சுமக்கும். நம்முடைய காட்டையும் ஏரியையும் அது உறிஞ்சுகிறது. உறிஞ்சியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவதில்லை. ஏதோ ஓரிடத்தில் ஒரே நாளில் கொட்டிவிடுகிறது. காய்ச்சலும் வெள்ளமும் வேறு வேறு நோய்கள் அல்ல. ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

நம் மாவட்டமே இதற்குச் சாட்சி. 2015 நவம்பர் 9-ஆம் தேதியை ஒட்டி, நெய்வேலியில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை ஊருக்குள் புகுந்து உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. சரி, அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று சர்க்கார் அறிவித்தது. ஓராண்டு மூழ்கினோம், மறு ஆண்டு காய்ந்தோம்.

இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த புகையிலிருந்து வந்தது. இயந்திரத் தொழில் தலையெடுக்கும் முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டு உலகத்தின் சராசரி வெப்பம், அந்தப் பழைய காலத்தைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறி நின்றது. மனிதன் அளந்து வைத்திருக்கும் ஆண்டுகளிலே அதுதான் அதிகச் சூடான ஆண்டு.

“மனித குலமே பாவம் செய்துவிட்டது” என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். எந்த மனித குலம்? ஆக்ஸ்பாம் என்ற ஸ்தாபனம் கணக்கெடுத்துச் சொன்னது: 2019-இல் உலகத்தின் மேல்தட்டு ஒரு சதவீதம் பேர் வெளியிட்ட புகை, அடித்தட்டிலுள்ள 66 சதவீதம் பேர் வெளியிட்ட புகைக்குச் சமம். மண்வெட்டி பிடிக்கிறவனும், ஆகாயவிமானத்தில் சொந்தமாகப் பறக்கிறவனும் சம குற்றவாளிகளா? புகை விட்டவன் வேறு. கூரையை இழந்தவன் வேறு. இதை முதலில் மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

பஞ்சம் மழையால் மட்டும் வருவதில்லை

வானம் பொய்த்தால் ஜனங்கள் சாகத்தானே வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தை அவர்கள் திரும்பிப் பார்க்கட்டும்.

மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் நாட்டில் இல்லாமல் போகவில்லை. ரயில் ஏறித் துறைமுகத்துக்குப் போயிற்று. கப்பல் ஏறிச் சீமைக்குப் போயிற்று. வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியாளரின் வேதம். நிவாரண வேலைக்கு வந்த எலும்புக்கூடுகளுக்கு என்ன கூலி தெரியுமா? சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி ஒரு கணக்குப் போட்டார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா காசு. ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இதைத் தின்றுவிட்டு நாள் முழுவதும் மண் வெட்ட வேண்டும்! சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உயிர் பிழைக்கப் போதாது என்று எழுதி வாதாடினார். பம்பாய் மாகாணத்தில் நிவாரணக் கூலிகள் ஆயிரக்கணக்கில் முகாம்களைப் புறக்கணித்து வெளியேறினார்கள். பின்னால் சென்னையில் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்குள் பிணங்கள் குவிந்துவிட்டன. அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

வறட்சியை வானம் தந்தது. பஞ்சத்தை ஆட்சி தந்தது. அந்தப் பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை. இனி வரப்போகும் புயலும் வறட்சியும் எவ்வளவு பெரியவை என்பது பாதிக் கேள்விதான். தானியத்தின் சாவி, தண்ணீரின் சாவி, கூரையின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே மீதிப் பாதி.

பூட்டிய பள்ளிக்கூடம்

சாவி என்று நான் உவமைக்காகச் சொல்லவில்லை, தோழர்களே. இரும்புச் சாவியைத்தான் சொல்லுகிறேன்.

2011 டிசம்பர் 29 இரவு தானே புயல் வந்தபோது, நான் முந்திரிக் காட்டுப் பக்கம் ஓர் ஊரில் உறவினர் வீட்டில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அது எந்த ஊராகவும் இருக்கலாம். புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது மறுநாள் காலையில். ஆனால் பின்னிரவிலேயே காலனியில் கூரைகள் பறக்க ஆரம்பித்துவிட்டன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே காங்கிரீட் கூரை போட்ட கட்டிடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அது பூட்டிக் கிடந்தது.

சாவி ஊர்த் தெருவில் ஒருவர் வீட்டில் இருந்தது. ஒரு பையன் காற்றில் விழுந்து எழுந்து போய்க் கேட்டான். “விடியட்டும், பார்க்கலாம்” என்று பதில் வந்தது. பள்ளிச் சுவரின் மறைவில், காற்று அடிக்காத பக்கமாக, வரிசையாக ஒண்டிக்கொண்டு நின்றோம். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளே ஆன ஒரு பெண் அந்த வரிசையில் நின்றாள். கடைசியில் ஒரு வயதான கொத்தனார் கடப்பாரையைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தார். “கேசு போட்டா என் மேல போடட்டும்” என்றார். உள்ளே போனோம்.

விடியும் நேரம் காற்று தலைகீழாக ஆடியது. ஊர்த் தெருவிலும் ஓட்டு வீடுகள் சரிந்தன. ஒரு குடும்பம் நனைந்து நடுங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. உள்ளே வரத் தயங்கியது. ஏன் தயங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது பன்னிரண்டு நாள் பிள்ளைக்காரி கூப்பிட்டாள்: “உள்ள வாங்க அண்ணே, பிள்ள நனையுது பாருங்க.”

வழக்கமாக அவள் வாயில் வருவது ‘ஐயா’. அன்று ‘அண்ணே’ என்றாள். அவரும் வந்தார். ஒரே பாயில் உட்கார்ந்தார். ஒரே பாத்திரத்துக் கஞ்சியைக் குடித்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். மூன்றாம் நாள் நிவாரண அரிசி வந்தபோது மறுபடியும் இரண்டு வரிசை. பூட்டை உடைத்த கொத்தனார் மேல் புகாரும் போயிற்று. சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள் விழுந்த முந்திரி மரங்களை எண்ணினார்கள். மரம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. கிடைக்கட்டும், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த மரத்தடியில் கொட்டை பொறுக்கி வயிறு கழுவிய பெண்களை எண்ணியவர் யார்? புது முந்திரிக் கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் அவள் அடுப்பு எப்படி எரியும்? மரத்துக்குக் கணக்கு இருந்தது. மனுஷிக்குக் கணக்கு இல்லை.

ஆபத்து வந்தால் ஜனங்கள் தானாக ஒன்றுபட்டுவிடுவார்கள் என்பது பாதி உண்மை. ஒரு ராத்திரிக்கு ஒன்றுபடுவார்கள். அந்த ராத்திரியின் ஐக்கியத்தை மூன்றாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் கொண்டு போக ஸ்தாபனம் வேண்டும். அது இல்லாததால்தான் வரிசை மறுபடியும் இரண்டாகப் பிரிந்தது.

நாகரிகம் என்றால் என்ன?

இப்போது இரண்டு விதமான குரல்கள் கேட்கின்றன.

ஒரு குரல் சொல்லுகிறது: “பழைய காலத்துக்குத் திரும்புவோம். முன்னோர்கள் ஏரி வெட்டினார்கள், வரகு விதைத்தார்கள், குடிமராமத்துச் செய்தார்கள். அதுவே பொற்காலம்.” இதில் நல்ல விஷயம் உண்டு, மறுக்கவில்லை. சோழர் காலத்து வீராணம் ஏரியில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது; சென்னைக்குக் குடிநீர் கூடத் தருகிறது. வரகு கொஞ்ச மழையிலும் விளையும்; ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். இவற்றைக் கைவிட்டது தவறு.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஏரியில் மண் சுமந்தவர் யார்? அந்தத் தண்ணீர் பாய்ந்தது யார் நிலத்தில்? நள்ளிரவில் மதகுக்குள் இறங்கியவனுக்கு ஒரு குழி நிலமாவது சொந்தமாக இருந்ததா? இந்தச் சீமையில் வரகைக் குத்திக் குத்திக் கை காய்த்துப் போனவர்கள் நம் பாட்டிமார். 1858-இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டு, ஏரிக்கரையும் வாய்க்கால் கரையும் உடையாமல் காக்கும் வேலைக்கு ஜனங்களை வரச்சொல்லி வற்புறுத்த வழி செய்தான். ‘குடிமராமத்து’ என்ற அழகான பெயருக்குப் பின்னால் சவுக்கும் சாதியும் இருந்தன. ஏரி வேண்டும், வரகு வேண்டும், சவுக்கும் சாதியும் வேண்டாம்.

இன்னொரு குரல் சொல்லுகிறது: “அவனவன் தப்பித்துக்கொள்ள வேண்டியதுதான்.” காசு உள்ளவன் மேட்டில் மனை வாங்குவான், ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போடுவான், குளிரூட்டிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வான். இப்படிச் சாத்தப்பட்ட கதவை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் நான்கே மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார்கள். கட்டிட வேலைக்கும் சுமை தூக்கவும் போயிருந்த நம் பிள்ளைகள் கூலியும் இல்லாமல், பஸ்ஸும் இல்லாமல் நடந்தார்கள். அந்த மே மாதம் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் வேலை செய்தவர்கள் நம் மாவட்டத்துக்குத் திரும்பினார்கள். நோயும் கூடவே வந்தது. பட்டணம் முழுவதற்கும் காய்கறி சுமந்து கொடுத்தவர்களை, ஊருக்கு வந்ததும் ஏதோ குற்றவாளிகளைப் போலப் பார்த்தார்கள். சமூகம் உடைவது என்றால் இதுதான். அது கட்டிடம் இடிகிற சத்தத்தோடு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கதவைச் சாத்துகிற சத்தத்தோடு வருகிறது.

நாகரிகம் என்ற சொல்லை வள்ளுவரும் பயன்படுத்தியிருக்கிறார். கோட்டை பற்றிய அதிகாரத்தில் அல்ல, பொருள் சேர்ப்பது பற்றிய அதிகாரத்திலும் அல்ல. கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். கண்ணோட்டம் என்றால் பிறர் துன்பத்தைக் கண்டு இரங்கும் பார்வை. மாடி எத்தனை, சாலை எத்தனை வழி, வண்டி எவ்வளவு வேகம் என்று நாகரிகத்தை அளந்து பழகிவிட்டோம். இனிமேல் நாம் வேறு அளவுகோல் வைப்போம். ஏரிக்கரையின் பலம் உயரமான இடத்தில் இல்லை. தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கேதான் உடைத்துக்கொண்டு போகும். ஒரு சமுதாயத்தின் பலமும் அதன் கடைசித் தெருவில்தான் இருக்கிறது.

மற்ற நாட்டு ஜனங்கள் செய்தது

இது கனவு என்று யாராவது சொன்னால், நடந்த கதையைச் சொல்லுங்கள்.

1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் ஒரு புயல் அடித்தது. குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. வங்கதேசம் பிறந்தபின் 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமத்துச் சாதாரண ஜனங்களே அதன் தொண்டர்கள். சைக்கிளில் மெகாபோனோடு போய் எச்சரிப்பார்கள், கொடி ஏற்றுவார்கள், கிழவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் புகலிடத்தில் சேர்ப்பார்கள். இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள். பாதிப் பேர் பெண்கள். 2020-இல் அம்பன் என்ற கடும் புயல் வந்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். மாண்டவர்கள் சில பத்துப் பேருக்குள் அடங்கினார்கள். அது ஏழை நாடுதான். கடலும் அதே கடல்தான்.

கியூபாவில் 1963-இல் புளோரா புயல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. அதன்பின் தெருவுக்குத் தெரு ஏற்பாடு செய்தார்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நோயாளி, யாரை எந்த வண்டியில் ஏற்றுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். 2004-இல் இவான் புயல் வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தினார்கள். கியூபாவில் ஓர் உயிர் கூடப் போகவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, கடற்கரை மீனவர்கள் யாரும் கேட்காமலே படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். ஆயிரமாயிரம் பேரைக் காப்பாற்றினார்கள். கேரளத்துச் சமூகத்தில் கடைசிப் படியில் வைக்கப்பட்டவர்கள்தான் மாடி வீட்டுக்காரர்களைக் கரை சேர்த்தார்கள்.

நெய்வேலித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசிவிட வேண்டும். நெய்வேலியில் எடுக்கிற பழுப்பு நிலக்கரியும் அந்தப் புகையில் ஒரு பங்குதான். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், கதிர் வரும் நேரத்து நெற்பயிருக்கு நடுவே இயந்திரத்தை இறக்கி வாய்க்கால் தோண்டியதை நாடே பார்த்தது.

அதற்காகச் சுரங்கத் தொழிலாளி நமக்கு எதிரியா? இல்லவே இல்லை. அந்த மின்சாரத்தில்தான் நம் தெரு விளக்கு எரிகிறது. நம் பம்பு ஓடுகிறது. நம் அண்ணன் தம்பிகள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாக இருக்கிறார்கள். நிலக்கரிக் காலம் என்றாவது முடியத்தான் போகிறது. முடியும்போது, முதலில் நிலம் கொடுத்தவனையும் கடைசியில் வேலை இழந்தவனையும் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிடப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறக்கக் கூடாது. மாற்று வேலை எங்கே, தோண்டிய நிலத்தைச் சீர்செய்யப் பணம் எங்கே, இறைக்கிற தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து இப்போதே கேட்க வேண்டும். வேலைநீக்க நோட்டீஸ் வந்தபின் கேட்டால் பதில் வராது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

பேச்சு போதும், காரியத்துக்கு வருவோம். ஐந்து வேலைகள் சொல்லுகிறேன். ஒவ்வொன்றும் நம் கையால் தொடங்கக் கூடியது.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு ஊரிலும் நாமே ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். தாழ்ந்த இடத்திலுள்ள வீடு எது? தனியாக இருக்கும் கிழவி யார்? கர்ப்பிணி யார்? வெளியூர் வேலைக்குப் போனவர் யார், எந்த ஊரில் இருக்கிறார்? இதை எழுதப் படித்த நம் பெண் பிள்ளைகளே எழுதட்டும். 2015 வெள்ளத்துக்குப் பின் காலனிகளுக்கு நிவாரணம் தாமதமாக வந்தது, குறைவாக வந்தது என்று பல குழுக்கள் எழுதி வைத்தன. நம் கையில் நம் கணக்கு இருந்தால் அதிகாரியின் கணக்கோடு மோதிப் பார்க்கலாம். நிலம் இல்லாதவர் இழந்த கூலி நாட்களும் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். கீழ்ச்செருவாயில் இருக்கும் வெலிங்டன் ஏரி 1923-இல் கட்டி முடிந்தது. வெள்ளாற்றுத் தண்ணீரைத் தொழுதூர் அணைக்கட்டில் தடுத்து அங்கே கொண்டு வருகிறார்கள். 2,500 மில்லியன் கன அடிக்கு மேல் பிடிக்க வேண்டிய ஏரி. ஏறத்தாழ 24,000 ஏக்கருக்குப் பாய வேண்டிய ஏரி. ஆனால் கரை பலவீனம் என்று நெடுநாளாகப் பேச்சு. மண்ணும் மேடிட்டுக் கிடக்கிறது. வருகிற வெள்ளம் கடலுக்குப் போகிறது. போனபின் வறட்சி வருகிறது. பெரிய ஏரியைச் சர்க்கார்தான் செப்பனிட வேண்டும். விடாமல் கோருவோம். ஊரிலுள்ள சிற்றேரி, வரத்து வாய்க்கால், கலிங்கு, மதகு ஆகியவற்றை மழைக்கு முன் நாமே போய்ப் பார்த்து, எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதிக் கொடுப்போம். அந்த வேலையைக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுவோம். 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் நமக்கு ஒன்று கற்றுக் கொடுத்தது: வேலை என்பது தயவு அல்ல, உரிமை. சட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் இந்தக் கோரிக்கை மாறக் கூடாது. இலவசமாகக் குனிந்த காலம் முடிந்துவிட்டது.

மூன்றாவது, வெயில். 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் கடும் வெப்பத்தை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. நல்லது. ஆனால் செத்தபின் கிடைக்கும் நான்கு லட்சத்தைவிடச் சாகாமல் இருக்க ஒரு குடம் தண்ணீரும் ஒரு பந்தலும் மேல். 2030-க்குள் வெப்பத்தால் உலகம் இழக்கப்போகும் உழைப்பு எட்டுக் கோடி முழுநேர வேலைக்குச் சமம் என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2019-இல் கணக்குச் சொன்னது. களை எடுக்கிறவள் விடியலில் தொடங்கிப் பதினோரு மணிக்குக் கரையேறட்டும். கூலியில் கை வைக்கக் கூடாது. சூளைக்குள் 1,200 டிகிரி வாக்கில் நெருப்பு எரிகிறது. வெளியே 40 டிகிரி. நடுவில் நிற்பவன் மனிதன். சூளைக் கொட்டகைக்குக் காற்றோட்டம், மணிக்கு ஒருமுறை இளைப்பு, குடிக்க உப்புப் போட்ட மோர். பொடி பறக்கும் இடத்தில் நுரையீரல் பரிசோதனை. இதைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாகச் சேர்க்க வேண்டும்.

நான்காவது, தானியமும் விதையும். 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்றபோது பார்த்தோம்: ஒரே பயிரை நம்பினால் ஒரே புழு போதும், ஊரே காலி. கொஞ்சம் வரகும் கம்பும் துவரையும் காட்டோடு சேர்ந்து வரட்டும். விதையைப் பொதுவில் சேமிப்போம். வரகு அரைக்க ஒரு பொது இயந்திரத்தைக் கூட்டுறவாக வாங்குவோம். பாட்டிமார் குத்திய உலக்கையைப் பேத்திகள் கையில் கொடுக்கப் போவதில்லை. ரேஷன் கடையில் மழைக்காலத்துக்கு முன்பே அரிசி இருப்பு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்து கொள்வோம்.

ஐந்தாவது, சாவி. இதுதான் எல்லாவற்றிலும் சிறிய வேலை. எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. உங்கள் ஊரில் காங்கிரீட் கூரை போட்ட பொதுக் கட்டிடங்கள் எவை? பள்ளிக்கூடமா, சமுதாயக் கூடமா, சங்கக் கட்டிடமா? அவற்றின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? நள்ளிரவில் தட்டினால் கதவு திறப்பாரா? நாளைக்கே ஊராட்சிக்கு மனு எழுதுங்கள்: பேரிடர்க் காலத்துக்கென்று ஒவ்வொரு பொதுக் கட்டிடத்துக்கும் இரண்டு சாவி வேண்டும். ஒன்று ஊர்த் தெருவில் இருக்கட்டும். ஒன்று காலனியில் இருக்கட்டும். காலனிச் சாவி ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். உள்ளே எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே அடுப்பு, ஒரே வரிசை என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

ஊர்த் தெருவிலிருந்து வந்திருக்கும் சிறு விவசாயிகளே, உங்களிடமும் சொல்லுகிறேன். இந்தச் சாவி உங்களுக்கு எதிரானது அல்ல. அன்று பள்ளிக்கூட வாசலில் தயங்கி நின்றவர் உங்களில் ஒருவர். பூட்டு உடைபடாமல் இருந்திருந்தால் அவர் பிள்ளையும் நனைந்திருக்கும். கடன்காரன் உங்களையும் விடவில்லை, வானமும் விடவில்லை. சாதியின் பேரால் உங்களுக்குக் கிடைத்தது ஒரு தனி வரிசை மட்டும்தான். அந்த வரிசையிலும் அதே புழுத்த அரிசிதான்.

தோழர்களே! உலகம் அழியப் போகிறது என்று பயமுறுத்த நான் வரவில்லை. எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று தாலாட்டவும் வரவில்லை. இன்னும் பெரிய புயல் வரும். இன்னும் நீண்ட கோடை வரும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் கரையேறியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர் வரை வீடுகளுக்குள் புகுந்தது. அதுவே கடைசி அல்ல. அதைத் தடுக்க நம் கையில் சக்தி இல்லை. புகையைக் குறைக்கும் போராட்டம் உலகளாவிய போராட்டம். அதில் நாமும் பங்கு கொள்வோம். ஆனால் அந்த இரவில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிப்பது வானம் அல்ல. அது இந்த மங்களூரில், இந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நாம் தீர்மானிக்கக் கூடியது.

முதல் வரிசைத் தாய்க்கு என் பதில் இதுதான்: அம்மா, வானம் ஏன் இப்படிச் செய்கிறது என்று சொல்லிவிட்டேன். அதை நிறுத்த நாளாகும். அதுவரை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது சாவி உங்கள் முந்தானையில் முடிந்திருக்கட்டும்.